சுமைதாங்கிக்கு ஒரு பலகை

பூபாலனுக்கும் எனக்கும் பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. சண்டை மட்டும் உண்டு. காரணம் என் வண்டி.

சரவணப் பொய்கையிலிருந்து மலைப்படிக்குப் போகிற தெரு திரும்பும் முனையில், பூபாலனின் காவடிக் கடைக்கு எதிரே, ஒரு சுமைதாங்கிக் கல் இருக்கிறது. இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் மார்பளவு உயரத்தில் நீளமாக ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்களே, அதுதான். பக்கத்தில் வேப்பமரம். திருத்தணி வெயிலில் நிழல் கிடைக்கிற இடத்தில் வண்டியை நிறுத்தாமல் வேறு எங்கே நிறுத்துவது? நிறுத்திவிட்டு நாலடி நடந்திருக்க மாட்டேன், கடைக்குள்ளிருந்து குரல் வரும்.

"ரைட்டரே, வண்டிய எடு. கல்லாண்ட வுடாதன்னு எத்தினி தபா சொல்றது?"

"ஏன், இந்தக் கல்லு உங்கப்பா வாங்கிப் போட்டதா?"

"ஆங், அப்டியே வெச்சுக்கோ. எடு."

அவருக்கு எழுபத்திரண்டு வயது. ஒல்லியான உடம்பு, குரல் மட்டும் கோயில் ஒலிபெருக்கி. என்னை மட்டுமல்ல, ஆட்டோ, தள்ளுவண்டி, இளநீர்க்காரர் யாரையும் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்க விடமாட்டார். கல்லுக்கு அருகில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் தண்ணீர்ப் பானையும் டம்ளரும் வைத்திருந்தார். வருஷா வருஷம் பொங்கலுக்குக் கல் முழுக்கச் சுண்ணாம்பு அடிப்பார். மனுஷன் கல்லைச் சாக்காக வைத்து இடத்தை வளைக்கப் பார்க்கிறார் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். என் தொழிலில் இதை நிறையப் பார்த்தாயிற்று. முதலில் பானை வரும், அப்புறம் ஸ்டூல், அப்புறம் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய், அதற்கப்புறம் வரி ரசீது.

என் தொழில் பத்திரம் எழுதுவது. பெயர் வெங்கடேசன், ஊரில் எல்லோருக்கும் ரைட்டர். 1960 வரைக்கும் எங்கள் தாலுக்கா சித்தூர் மாவட்டத்தில் இருந்ததால் பழைய பத்திரங்களில் பாதி தெலுங்கில் இருக்கும். இந்த ஊரில் தெலுங்கு பேச எல்லோருக்கும் வரும். வாசிக்க வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த விரல்களில் நானும் ஒருவன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் இந்தக் கதை முழுக்க வேலை செய்தது.

போன பங்குனியில் நகராட்சி ஓவர்சியர் தேவசுந்தரி என் மேசைக்கு வந்தாள். மணவூர்ப் பக்கம், மிஷன் பள்ளி வாத்தியார்கள் குடும்பம். முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் நின்று ரோடு வேலை பார்த்துப் பார்த்துக் கறுத்த முகம், எதற்கும் சட்டென்று சிரிக்கிற சுபாவம். குளத்தைச் சுற்றியுள்ள பழைய ஊரில் பன்னிரண்டு இடங்களுக்கு வரலாற்றுப் பலகை வைக்கப்போவதாகவும், தெலுங்கு ஆவணங்களைப் படித்து நான்தான் எழுதித் தர வேண்டும் என்றும் சொன்னாள். பலகையின் அடியில் என் பெயரும் இருக்கும் என்றாள். அதைச் சொல்லியிருக்காவிட்டாலும் எழுதியிருப்பேன். சொன்னதால் அன்றைக்கே எழுத ஆரம்பித்தேன்.

முதல் பலகை குளக்கரையில் இருக்கும் மடத்துக்கு. 'கிழக்கே பொய்கை, மேற்கே மலையடிவாரம், வடக்கே வண்டிப்பாதை, தெற்கே பூந்தோட்டம், இதன் மத்தியில் அமைந்த மடம்' என்று தொடங்கினேன். முப்பது வருஷப் பழக்கம். நாலு எல்லை சொல்லாமல் எனக்கு ஒரு இடம் கண்ணுக்கே தெரியாது.

தேவசுந்தரி படித்துவிட்டு, "சார், மடத்த வித்துடப் போறோமா?" என்றாள்.

திருத்தி எழுதினேன். முந்நூற்று அறுபத்தைந்து படிகள், குளம், மடங்கள், ரயிலடி, தாலுக்காவைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி ஜனங்கள் கூடிய திடல், ஓட்டுக் கூரை போட்ட பழைய சத்திரம் என்று ஒவ்வொன்றாக முடித்தோம். ரயிலடிக்குப் பின்னால் இருக்கிற சின்னத் தேவாலயத்தையும் சேர்த்தேன்.

"என் மூஞ்சியப் பாத்துச் சேக்காதீங்க சார்."

"உங்க மூஞ்சிய இல்லமா, கட்டடத்தப் பாத்துதான் சேத்தேன்."

பன்னிரண்டாவது, சுமைதாங்கி. 'மலைக்குக் காவடி எடுத்து வரும் பக்தர்கள் இளைப்பாற ஒரு தர்மவான் வைத்த கல்' என்று ஒரே மூச்சில் எழுதினேன். ஆதாரம் இருந்ததா என்றால் இல்லை. ஊரே அதைக் காவடிக் கல் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் இது ஒரு வழக்கம். யார் செய்தது என்று தெரியாத எதையும் முருகன் பேரில் எழுதிவிடுவோம். திருவாலங்காட்டுப் பக்கம் வயல் வழியில் சுமைதாங்கி இருந்தால் அதை யாருக்காக வைத்தார்கள் என்று கிராமத்தில் கேட்க வேண்டியதில்லை. பிள்ளையைப் பெறாமல் வயிற்றோடு செத்துப்போன பெண்ணுக்காக வைப்பது. அவள் சுமையை இறக்காமலே போய்விட்டாள். அதனால் வழியில் போகிறவர்கள் சுமையை இறக்கி வைக்க ஒரு கல். ஒவ்வொருவர் இறக்கும்போதும் அவள் பாரம் கொஞ்சம் குறையும் என்று நம்பிக்கை. ஆனால் அது கிராமத்துச் சமாசாரம். கோயில் தெருவில் நிற்கிற கல்லை அப்படி நினைக்க எனக்குத் தோன்றவே இல்லை.

"இதுக்கு நாலு பக்கமும் கம்பி வேலி போடணும்மா. பூட்டும் வேணும். பொதுச் சொத்து பாருங்க" என்றேன்.

இனிமேல் பூபாலன் பானையை எங்கே வைக்கிறார் பார்க்கலாம் என்பதுதான் என் மனசில் இருந்தது. மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

படம் எடுப்பதற்கு முன் சுண்ணாம்பைச் சுரண்டிக் கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றாள் தேவசுந்தரி. ஞாயிற்றுக்கிழமைகளில் பூபாலன் அரக்கோணத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு ரயிலேறிவிடுவார். வைகாசியில் ஒரு ஞாயிறாகப் பார்த்து நானே நாள் குறித்தேன்.

தண்ணீர் ஊற்றி ஊற்றி, தேங்காய் நாராலும் மரத் துண்டாலும் இரண்டு பேருமாகத் தேய்த்தோம். சுண்ணாம்பு அப்பளம் அப்பளமாகப் பெயர்ந்து விழுந்தது. எத்தனை பொங்கலோ. படுக்கைக் கல்லின் முன்பக்கம் விரல் பட்ட இடத்தில் பள்ளம் தட்டுப்பட்டது. தெலுங்கு எழுத்து. மீதியையும் அவசரமாகத் தேய்த்தேன்.

"எல்லைச் சண்டை அப்போ போர்டையெல்லாம் தாரு பூசி அழிச்சாங்கல்ல, அப்போ இதையும் யாரோ மூடிட்டாங்கமா" என்று விளக்கம் கொடுத்துக்கொண்டே வாசித்தேன். நாலு வரிதான். அவளுக்குத் தமிழில் சொன்னேன்.

'மன்மத வருஷம் ஆவணி மாதம். ரயிலடிச் சுமைகூலி சடகோபன் பெண்சாதி அம்சா நிறைமாதத்தில் மறைந்தாள். சுமையோடு வருகிறவர்களே, இங்கே இறக்கி வையுங்கள். உங்கள் கழுத்து ஆறினால் அவள் வயிறு ஆறும்.'

தேவசுந்தரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "சார், கம்பி வேலி வேணாம்" என்றாள்.

"வேணாம்மா" என்றேன் நானும். மன்மத வருஷம் என்றால் 1955. அவ்வளவு காலத்துக்கு முன் செத்துப்போன ஒரு பெண்ணுக்காக எனக்குத் துக்கம் வந்தது உண்மை. அந்தத் துக்கத்தைவிடக் கண்டுபிடித்த சந்தோஷம் பெரிதாக இருந்ததும் உண்மை. இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் சடகோபன் என்ற பெயர் உறுத்தியது. சண்டை தொடங்குவதற்கு முன்னால் பூபாலனின் கடைக்கு வாடகை ஒப்பந்தம் எழுதியவன் நான்தான். 'சடகோபன் குமாரர் பூபாலன்.' என் கையெழுத்தில் எழுதியது. உங்கப்பா வாங்கிப் போட்டதா என்று வருஷக்கணக்கில் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்ட ஒவ்வொரு தடவையும் அவர் ஆங் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

அப்போதும் எனக்கு ஒரு சமாதானம் கிடைத்தது. அவர் அம்மாவின் பெயரை மீட்டுக் கொடுத்திருக்கிறோம், சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ரயிலில் அவர் வந்து இறங்கும் நேரத்துக்கு முனையில் போய் நின்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவர் கல்லைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பக்கத்தில் போய் எழுத்துகளின் மேல் கை வைத்தார்.

"எவன் சொரண்டினது?"

"நான்தான்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. பானையை இறக்கிக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"படிச்சிட்டியா?"

"படிச்சேண்ணா." பதினோரு வருஷத்தில் அவரை அண்ணா என்றது அன்றைக்குத்தான்.

"எங்கம்மா. எனக்கு அப்போ ரெண்டு வயசு. மூஞ்சி கூட நெனப்பு இல்ல. வயித்துல இருந்தது தம்பியா தங்கச்சியான்னும் தெரியாது." அவர் கல்லைப் பார்த்தே பேசினார். "நான் தெலுங்கு படிக்கல. நைனா வாயால சொல்லித்தான் இன்னா எழுதிகீதுன்னு தெரியும்."

"அப்புறம் இத்த எதுக்குண்ணா மூடி வெச்சீங்க? நான் போராட்டத்துல மூடினாங்கன்னு நெனச்சேன்."

"போராட்டமாவது ஒண்ணாவது. நைனாதான் மொத மொத சுண்ணாம்பு அடிச்சாரு. கல்லு வெச்சு ரெண்டு வருஷம் எழுத்து நல்லாத் தெரிஞ்சுகினுதான் இருந்துச்சு. ஒருத்தன் சுமை எறக்கல. படிக்கத் தெரிஞ்சவன் படிக்கத் தெரியாதவன்கிட்ட சொல்லிட்டுப் போவான். ரயிலடியிலேர்ந்து தலைல மூட்டையோட நைனா இப்டித்தான் வருவாரு. அவரு ஒருத்தர் மட்டும் எறக்கி வெச்சு எறக்கி வெச்சுப் போவாரு. புருஷன் எறக்கினா போதுமா? ஊரு எறக்கணும்ல."

"கிராமத்துல எல்லாம் வெக்கறாங்களேண்ணா."

"அங்க அவங்க வூட்டுப் பொண்ணு. வெப்பாங்க. இங்க வர்றவன் மலைக்கு வேண்டிகினு வர்றான். சாமிக்குக் கொண்டு போற பொருள சாவுக் கல்லு மேல வெப்பானா?" அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு பொங்கலுக்கு நைனா சுண்ணாம்பு அடிச்சாரு. அடுத்த வாரமே ஒரு காவடிக்காரன் வந்து எறக்கினான். அப்புறம் ஜனம் தன்னால காவடிக் கல்லுன்னு பேரு வெச்சிருச்சு. முருகன் பேர்ல எழுதிட்டாங்க, நல்லதாச்சுன்னு நைனா சிரிப்பாரு."

பானை, டம்ளர், நிழல், வண்டி வேண்டாம் என்கிற கூச்சல் எல்லாம் எதற்கு என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. களைத்து வருகிறவன் தண்ணீரைப் பார்த்து நிற்க வேண்டும். நின்றால் கைக்கெட்டுகிற தூரத்தில் கல் இருக்க வேண்டும். யாரையும் வைக்கச் சொல்லிக் கேட்கக் கூடாது.

"பலகை வெக்காத ரைட்டரே."

"காலம் மாறிடுச்சுண்ணா. இப்போ எல்லாம் படிச்ச ஜனம். கையெடுத்துக் கும்பிட்டு வெப்பாங்க, பாருங்க."

"அப்டியா சொல்ற?"

"வாசகம் காலையிலயே மேல அனுப்பியாச்சுண்ணா."

அம்சாவின் நாலு வரியையும் சேர்த்து அனுப்பியது நிஜம். ஒரு போன் போட்டால் நிறுத்தியிருக்கலாம் என்பதும் நிஜம். கல்லில் இருந்ததை முழுசாக வாசித்தவன் என்று என் பெயர் வருகிற ஒரே பலகை அது. அவர் எழுந்து போய்க் கடையின் ஷட்டரை இறக்கினார். அன்றைக்கு முழுக்க அதைத் திறக்கவில்லை.

ஆனி பிறந்ததும் பலகைகள் வந்தன. பதினோரு பலகைகளை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பன்னிரண்டாவதை மட்டும் எல்லோரும் படித்தார்கள். படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினார்கள். மூன்றாம் நாள் கல்லுக்கு மஞ்சள் குங்குமம் வந்தது. அப்புறம் எலுமிச்சம்பழம், சூடம், யாரோ வேண்டிக்கொண்டு வைத்த ஒரு டஜன் கண்ணாடி வளையல். பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணோடு வந்த ஒரு அம்மா பலகையை வாசித்ததும் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு எதிர்ச்சந்துக்குள் போனதை நானே பார்த்தேன். ஜனங்கள் கும்பிட்டார்கள். சொன்னபடியே கையெடுத்துக் கும்பிட்டார்கள். சுமையை மட்டும் ஒருவரும் வைக்கவில்லை.

நான் கணக்குப் பார்க்கிறவன். வேலை முடிந்ததும் முனையில் வந்து நின்று இருபது நாள் பார்த்தேன். ஒன்று கூட இல்லை.

பூபாலன் சாயங்காலம் வளையல்களை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டு வைப்பார். எலுமிச்சம்பழத்தை அப்புறப்படுத்துவார். தண்ணீர்ப் பானையைக் கடைக்குள் கொண்டு போய்விட்டார். என் வண்டியைக் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தேன், திட்டட்டும் என்று. ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டியை நானே தள்ளிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்தினேன்.

மணியம்மை வாழைப்பழம் விற்கிறவள். பஸ் ஸ்டாண்டிலிருந்து தலையில் கூடையோடு வந்து, தினமும் இந்தக் கல்லில் இறக்கி, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படியடிக்குப் போவாள். அவளும் இப்போது தெருவின் அந்த ஓரமாகப் போனாள். கூப்பிட்டேன்.

"இன்னா மணியம்மை, கூடை எறக்கலையா?"

"எப்டிங்க எறக்கறது? இது அர்ச்சனைத் தட்டுக்குப் போற பழம். இத்தினி வருஷமா தெரியாம வெச்சுகினு இருந்தேன், முருகன்தான் மன்னிக்கணும்."

"கழுத்து வலிக்கலையா?"

"வலிக்காம இன்னா? வலிக்கத்தான் வலிக்குது." கூடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பாவம், கல்லைப் பார்த்து இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அந்த அம்மா நல்ல அம்மாவாத்தான் இருந்திருக்கும். அதுக்குன்னு சாமி சாமானை வெக்க முடியுங்களா?"

கடைக்குள் உட்கார்ந்திருந்த பூபாலனுக்கு இது காதில் விழுந்தது. அவர் மயில் தோகைகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். கை நின்றது, பிறகு மறுபடி எண்ண ஆரம்பித்தார். எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது. எழுபது வருஷமாக அப்பாவும் பிள்ளையுமாகக் காப்பாற்றி வந்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தேங்காய் நாரால் தேய்த்து அழித்தவன் நான்.

அன்றைக்கே நகராட்சிக்குப் போய்த் தேவசுந்தரியைப் பார்த்தேன்.

"பலகைய எடுக்கணும்னா நான் இன்னான்னு சார் எழுதறது? தப்பா இருக்குதுன்னா?"

"தப்பே இல்லமா. ஒவ்வொரு எழுத்தும் சரி. அதான் கஷ்டம்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள். "எங்க ஊர் கல்லறைத் தோட்டத்துல பேரப் பாத்துத்தான் சார் பூ வெப்போம். பேரு அழிஞ்சு போச்சுன்னா அந்தக் கல்லாண்ட யாரும் வர மாட்டாங்க. இங்க பேரு இருந்தா வர மாட்டேங்கறாங்க."

"ஆங்."

"எழுதினது நீங்க. வாசிச்சது சரிதானான்னு எனக்குச் சந்தேகம்னு நீங்களே எழுதிக் குடுத்தா மாத்திடலாம். வேற வழி எனக்குத் தெரியல."

முப்பது வருஷத் தொழிலில் ஒரு எல்லையை நான் பொய்யாக எழுதியதில்லை. எழுதச் சொல்லி வந்தவர்களை விரட்டியிருக்கிறேன். அன்றைக்கு அவள் மேசையிலேயே ஒரு தாள் வாங்கி எழுதினேன். 'மேற்படி கல்லில் உள்ள தெலுங்கு எழுத்துகள் மிகவும் சிதைந்திருப்பதால், என் வாசிப்பை உறுதி செய்ய இயலவில்லை. ஆகவே பலகையில் உள்ள வாசகத்தையும் என் பெயரையும் நீக்கிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.' இப்படிக்கு என்று போட்டுக் கையெழுத்திட்டேன். தேவசுந்தரி தாளை வாங்கிப் படித்தாள். அந்தச் சட்டென்று வருகிற சிரிப்பு அன்றைக்கு வரவில்லை.

பலகை மாறியது. 'சுமைதாங்கி. சுமையை இங்கே இறக்கி இளைப்பாறலாம்.' அவ்வளவுதான்.

ஒரு புதன்கிழமை காலையில் சுண்ணாம்பைக் கரைத்து வாளியில் எடுத்துக்கொண்டு, பூசுகிற நார்மட்டையோடு முனைக்குப் போனேன். பூபாலன் அப்போதுதான் கடையைத் திறந்துகொண்டிருந்தார்.

"அண்ணா, அடிச்சிடட்டுமா?"

அவர் வந்து என் கையிலிருந்து மட்டையை வாங்கிக்கொண்டார். படுக்கைக் கல்லின் முன்பக்கத்தை, அம்சா என்ற பெயர் இருக்கிற இடத்தை, அவரே அடித்தார். மூன்று பூச்சு. அப்புறம் மட்டையை என்னிடம் கொடுத்து, நட்ட கல் இரண்டையும் காட்டினார். அதை நான் அடித்தேன்.

ஊர்க்காரர்கள் மறக்கவில்லை. ஒருமுறை தெரிந்ததைத் தெரியாததாக்கச் சுண்ணாம்பால் முடியாது. மணியம்மை இன்னமும் அந்த ஓரமாகத்தான் போனாள். வளையல் வருவது நின்றது, அது ஒன்றுதான் மாற்றம். பூபாலன் பானையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தார். வெளியூர் ஜனத்துக்காகக் காத்திருந்தோம். சாதாரண நாளில் வருகிறவர்கள் மலை மேலேயே வண்டியில் போய் இறங்கிவிடுகிறார்கள், யார் தலையில் சுமை இருக்கிறது? ஆடிக் கிருத்திகைக்கு மட்டும்தான் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு எல்லோரும் நடந்துதான் ஆக வேண்டும்.

ஆடிக் கிருத்திகை அன்று பத்திர ஆபீஸ் பக்கமே நான் போகவில்லை. காலை ஆறு மணிக்கே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். தெரு முழுக்கப் பூக்காவடி, பம்பைச் சத்தம், அரோகரா. பூபாலனுக்கு வருஷத்திலேயே வியாபாரம் மும்முரமான நாள். காவடிக்கு வந்தவர்களோடு பேசிக்கொண்டே ஒரு கண்ணைக் கல்லின் மேல் வைத்திருந்தார். காவடிக்காரர்கள் ஆடிக்கொண்டே கடந்து போனார்கள். பை வைத்திருந்தவர்கள் தோளை மாற்றிக்கொண்டு போனார்கள். ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. நான் அவர் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தேன்.

பத்தரை மணிக்குச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் வந்தது. அதில் ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி தலையில் அரிசி மூட்டையோடு வந்தாள், அன்னதானத்துக்கு வேண்டுதல் போலிருக்கிறது. முகமெல்லாம் வியர்வை. பானையைப் பார்த்தாள். நின்றாள். கூட்டத்திலிருந்து விலகி வந்து, கழுத்தைச் சாய்த்து, மூட்டையைக் கல்லின் மேல் இறக்கினாள். இறக்கியதும் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டாள். நான் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு கொடுத்தேன். இரண்டு டம்ளர் குடித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கல்லைத் தடவிப் பார்த்து, இதை யார் வைத்தது என்று தெலுங்கில் என்னைக் கேட்டாள்.

வாழ்நாள் முழுக்க இப்படி யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவன் நான். மன்மத வருஷம் ஆவணி மாதம் என்று நாக்கு நுனி வரை வந்தது. கடை வாசலில் பூபாலன் ஒரு காவடியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

"தெலீதம்மா" என்றேன், தெரியாதம்மா என்று.

யார் வைத்தார்களோ நன்றாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு அவள் மூட்டையைத் தூக்கத் தலையைச் சாய்த்தாள். நான் ஒரு கை கொடுத்தேன். கூட்டத்தோடு சேர்ந்து படிப்பக்கம் போய்விட்டாள்.

பூபாலன் தெருவைக் கடந்து வந்தார். அவள் மூட்டை இருந்த இடத்தில் இரண்டு மூன்று அரிசி சிந்தியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"தூக்கி வுட்டியே ரைட்டரே, எவ்ளோ கனம் இருக்கும்?"

"பத்து கிலோவுக்குக் கொறையாதுண்ணா."

"பத்து கிலோ." அவர் தலையாட்டினார். "பொறந்த கொழந்த மூணு கிலோ இருக்குமா?"

"இருக்கும்ணா."

"அப்போ போதும். இன்னிக்கு இது போதும்" என்றார். காவடி வாங்க வந்த ஆள் கூப்பிடவே திரும்பிக் கடைக்குப் போனார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அடுத்து வருகிற கூட்டத்தில் யார் தலையிலாவது சுமை இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன்.